பகலில் ஒரு ஒன்ஸ் மோர்

ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று ஒரு சின்னச் சொல் உண்டு. மாட்டுங்கா நடைபாதையில் அப்பா வாங்கி வந்த, முன்னட்டை போன அகராதியில் அதற்கு முக்கால் பத்திக்குப் பொருள் போட்டிருந்தது. ஒரு தடவை. முன்பு எப்போதோ. ஒன்று நடந்தவுடன். வினையோடு ஒட்டிக்கொண்டு அது எப்போது, எத்தனை தடவை நடந்தது என்று சொல்வதால் அது வினையடை என்று அப்பா விளக்குவார். நாலெழுத்துக்கு இத்தனை வேலையா என்று எனக்கு வியப்பாக இருக்கும்.

அந்தச் சொல்லை நான் மூன்று இடங்களில் சந்தித்தேன். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் கதைகளெல்லாம் 'ஒன்ஸ் அப்பான் எ டைம்' என்று தொடங்கின. பம்பாயின் கோட்டைப் பகுதியிலிருந்த அப்பாவின் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் மேலதிகாரி சிவப்புப் பென்சிலால் 'அட் ஒன்ஸ்' என்று எழுதி அனுப்புவாராம். அப்படி எழுதிய நாட்களில் அப்பா கடைசி லோக்கல் ரயிலில் வருவார். மூன்றாவது இடம் தாராவி. ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் சாலில் ஆங்கிலம் படித்தவர் என்று சொன்னால் அப்பா ஒருவர்தான். ஆனால் இந்தச் சொல்லை உரக்கச் சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை அங்கே ஒருவர்கூட இல்லை.

என் வயதையொத்தவர்களே, நாடகம் பார்க்க நீங்களும் அந்த மைதானத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தவர்கள்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேடையில் மந்திரி கத்திக்குத்துப் பட்டுப் பாடி முடித்துச் செத்து விழுவார். கூட்டத்திலிருந்து 'ஒன்ஸ் மோர்' என்று ஒரு குரல் வரும். செத்தவர் எழுந்து, முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி குத்துப்படத் தயாராக நிற்பார். குத்தியவனும் கத்தியைத் துடைத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்புவான். நடந்து முடிந்த ஒன்றை நடக்காததாக்கும் அந்தச் சொல்லை வாயைப் பிளந்துகொண்டு கேட்டவள் நான். கோயிலில்கூட எனக்கு அப்படி மெய் சிலிர்த்ததில்லை.

அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு முறை இருந்தது. மறந்திருப்பீர்கள் என்பதால் எழுதி வைக்கிறேன். ஒன்ஸ் மோர் கேட்பவர் எழுந்து நிற்க வேண்டும். கூட்டத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு கத்துவது மரியாதை இல்லை. எழுந்தவரைப் பார்த்து நடிகர் கும்பிடுவார். அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எழுந்தவருடையது. அவர் முகத்தைப் பார்த்தே பாடி முடிப்பார். கேட்டால் மறுக்கக் கூடாது. ஒரு வருடம் காய்ச்சலோடு வந்த ஒரு நடிகர் கையெடுத்து மறுத்துவிட்டார். மறு வருடம் அவர் மேடையேறியதும் முன்வரிசை முழுக்க எழுந்து டீ குடிக்கப் போய்விட்டது. பெண்கள் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஒன்ஸ் மோர் வாங்குகிறவர் என் சித்தப்பா.

வாரத்தில் ஆறு நாள் அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. உப்புப் போட்டு அடுக்கிய தோல்களைப் பிரித்து உதறும் வேலை. சாயங்காலம் வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். குழாயடியில் நின்று அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் ஒரு கிழவர் நம் கண்முன்னே இளைஞராவது போலிருக்கும். அந்த மனிதர் வருடத்தில் ஒரு நாள் ராஜா. பிஸ்கட் டின் தகட்டில் வெட்டி, ஜிகினா ஒட்டிய கிரீடம் ஒன்று எங்கள் கோலியில் உத்திரத்துக்கடியில் துணி சுற்றித் தொங்கும். ஒரே அறைதான் அந்தக் கோலி. அப்பா, அம்மா, நான், சித்தப்பா, சித்தி எல்லோரும் அதற்குள். அம்மா சமைக்கும் புகை பட்டு அந்தக் கிரீடத்தில் எப்போதும் தாளித்த வாசனை வரும்.

நாடகத்தில் ராஜா நாட்டை இழந்து விடிகிற நேரத்தில் ஊரைவிட்டுப் போவார். கோட்டை வாசலில் நின்று அந்த வாசலிடமே பேசுவது போல ஒரு பாட்டு. செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆர்மோனியக்கார வாத்தியார் கட்டியது. கடைசி அடி மேலே ஏறி, அங்கேயே நின்று, பிறகு இறங்கும். இறங்கியதும் ராஜா நமக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஒரு காலை வாசலுக்கு வெளியே எடுத்து வைத்து, அப்படியே நிற்பார். மற்றக் காலைத் தூக்குவதற்குள் கூட்டத்தில் ஒருவர் எழுந்துவிடுவார். அந்த மற்றக் காலை சித்தப்பா முதல் பாட்டோடு ஒருபோதும் எடுத்ததில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ராஜா ஊரைவிட்டுப் போக முடியாமல் திரும்பி வந்து மறுபடி பாடுவார்.

நான் சொல்ல வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. ஆண்டில் சந்தேகமில்லை, ஏனென்றால் அது பாகிஸ்தானோடு சண்டை நடந்த செப்டம்பர். ஜன்னல் கண்ணாடிகளில் பழுப்புக் காகிதம் ஒட்டினோம். இருட்டியதும் விளக்கு வெளியே தெரியக் கூடாது. மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அம்மா அட்டையை வளைத்து வைத்திருப்பாள். சோற்றில் கல் இருக்கிறதா என்று நாக்கால்தான் பார்க்க வேண்டும். டிராம்பேயில் எண்ணெய்த் தொட்டிகள் இருப்பதால் முதல் குண்டு அங்கேதான் என்று பையன்கள் நிச்சயமாகச் சொன்னார்கள். பம்பாய் முழுக்க இருண்ட அந்த இரவுகளில்தான் எனக்கு முதன்முதலாக நட்சத்திரம் தெரிந்தது. சால் முற்றத்தில் நின்று, நம் தலைக்குமேல் இத்தனை காலமும் இவை இருந்தனவா என்று அண்ணாந்து பார்த்ததை இன்னும் மறக்கவில்லை.

வழக்கமாக விடிய விடிய நடக்கும் நாடகம் அந்த வருடம் நடக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பெட்ரோமாக்ஸ் ஏற்ற முடியாது. அப்போது யாரோ சொன்னார்கள், பகலில் போட்டால் என்ன என்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு சாப்பிட்டபின். சிரித்தார்கள், பிறகு சரியென்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை நான் பலரிடம் கேட்டுவிட்டேன். புரட்டாசிச் சனிக்கிழமைக்கு மறுநாள் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எந்தச் சனி என்பதில் இல்லை. சண்டை நின்றுவிட்டது, ஆனால் காகிதத்தைக் கிழிக்க யாருக்கும் தைரியம் வராத ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில்தான் சித்தப்பாவின் தொண்டை கெட்டது.

முதலில் உப்புத் தூசி என்று நினைத்தோம். சித்தி சுக்கும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். குரல் தெளிந்தது, மறுபடி கம்மியது. ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட வாயைத் திறந்தார்; காற்று மட்டும் வந்தது. அப்பா அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். சைரன் பயத்தில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத நாள் அது. நானும் போனேன்.

நெற்றியில் கண்ணாடி கட்டிய மராத்தி டாக்டர். நாக்கைத் துணியால் பிடித்திழுத்து உள்ளே பார்த்தார். பிறகு அப்பாவிடம் ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். குரல் வருகிற மடிப்பில் காய்ப்புக் காய்த்திருக்கிறது. மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் ஒருவேளை ஆறலாம். பாடினால் போய்விடும்.

அப்பா அதைத் தமிழில் சொன்னார். சித்தப்பா அவரைப் பார்க்கவில்லை, டாக்டரைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த இந்தியில், ஒரே ஒரு தடவை என்று கிசுகிசுப்பாகக் கேட்டார்.

"சாப், ஏக் பார். பஸ், ஏக் பார்."

டாக்டருக்கு எரிச்சல். வரிசையில் வெளியே ஆள் நின்றது. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒன்ஸ்," என்றார். பிறகு அந்த விரலாலேயே கதவைக் காட்டினார்.

வெளியே வந்ததும் அப்பா சொன்னார், "ஏல, ஒன்ஸ்னா ஒன்ஸ்தான். ஒரு தடவை. ரெண்டாவது பாடினா தொண்டை கிடையாதுன்னுட்டாரு."

"அது ஒரு தடவைதானண்ணே வருது, அந்தப் பாட்டு."

"ஒரு தடவையோட ஒன்னய எவன் விட்டிருக்கான்?"

பஸ் நிறுத்தத்தில் சித்தப்பா சிரித்த மாதிரி இருந்தது. அந்தச் சிரிப்பில் பெருமை இருந்தது என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

அன்று கோலியில் சண்டை. வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொன்னார் அப்பா. பால் பூத்தில் வேலை பார்த்த ஒருவர் பல வருடமாக அந்தக் கிரீடத்துக்குக் காத்திருந்தார்.

"அவன் தலையில ஏறிட்டுன்னா பெறகு எறங்காது," என்றார் சித்தப்பா. "தொண்டை போனவன்னு பேரு வந்துட்டா என்னய எந்தக் கொட்டாய்லயும் ஏத்த மாட்டான். ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. மதினி, ஒங்களுக்கும்தான். ஏட்டி, ஒனக்கும்தான்."

கடைசியாகச் சொன்னது எனக்கு. சித்தியிடம் அவர் தனியாகச் சொல்லவில்லை. சித்தி சொல்ல மாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். நெல்லைப் பக்கத்து ஒரு கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்து பல வருடமாகியும் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. குழாயடியில் முறை தப்பினால்கூட இரண்டாம் முறை கேட்க மாட்டாள், குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நிற்பாள்.

அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நாடக நோட்டீஸை எழுதிக் கொடுப்பது எப்போதும் அவர்தான். ரோஸ் காகிதத்தில் அச்சடித்து வந்த அந்த நோட்டீஸின் அடியில், தடித்த எழுத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'ஒன்ஸ் மோர் கேட்பது கண்டிப்பாகத் தவிர்க்கப்பட வேண்டும்.'

ஏன் என்று அதில் இல்லை. நான் இத்தனை வருடம் கழித்து வருத்தப்படுவது அந்த ஒன்றுக்குத்தான். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டும், விளக்குக் கூடாது, ஆகவே தயவுசெய்து என்று எழுதியிருந்தால் ஊர் தலையாட்டியிருக்கும். உண்மையும் அதில் பாதி இருந்தது. ஆனால் அப்பா படித்தது அலுவலகத்து ஆங்கிலம். அங்கே உத்தரவுக்குக் காரணம் எழுதுவதில்லை. காரணம் எழுதினால் உத்தரவு மெலிந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

நோட்டீஸ் டீக்கடைப் பலகையில் ஒட்டப்பட்ட காலையில் நான் அங்கே பாலுக்கு நின்றேன். டீக்கடைக்காரர் தென்காசிப் பக்கம். சித்தப்பாவின் பாட்டுக்கு முதலில் எழுகிற ஆள் பெரும்பாலும் அவர்தான். தமிழ் வாசிக்கத் தெரியாத இளவட்டங்களுக்காக அவரே உரக்கப் படித்தார். படித்துவிட்டு வடிகட்டியைக் கீழே வைத்தார்.

"என்னடே இது? கேக்கதுக்கு முன்னாடியே வேண்டாம்ங்கான்."

"கூப்பிடாத வீட்டுக்காரன் மொய் வேண்டாம்னானாம்," என்றது பெஞ்சியில் ஒரு குரல்.

"நாம கேட்டுத்தானவே இவரு ராசாவானாரு? இல்லைன்னா உப்புதானே உதறுதாரு?"

"ஒன்ஸ்சும் கிடையாது மோரும் கிடையாதுன்னா, வெறும் டீயைக் குடிச்சிட்டுப் போவம்."

சிரித்தார்கள். டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. "கேப்போம்," என்றார். "பொழுது அடையுத வரைக்கும் கேப்போம். எத்தனை தடவை பாடுதாருன்னு பாத்துருவம்."

நான் பால் வாங்காமல் ஓடி வந்தேன். சொன்னதைக் கேட்டு அப்பாவின் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. "நான் ஒழுங்காத்தானே எழுதினேன்," என்றார் அம்மாவிடம். சித்தப்பாவுக்கோ உள்ளூர மகிழ்ச்சி. "விடமாட்டான் பாத்தியளா," என்று கிசுகிசுத்தார். அவருக்கு அது மிரட்டலாகக் கேட்கவில்லை.

சித்தி அடுப்பருகே உட்கார்ந்து கடுகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிகாலையில் அவள் என்னையும் ஒரு வாளியோடு குழாயடிக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் வரிசையில் நின்றார்கள். தண்ணீர் இன்னும் வரவில்லை. சித்தி வரிசையில் நிற்காமல் நேரே குழாய்க்குப் போய் அதன் தலையில் கையை வைத்தாள். முறை மீறுகிறாளோ என்று ஒருத்தி சத்தம் போட்டாள். அது சித்தி என்று தெரிந்ததும் சத்தம் நின்றது.

"எல்லாரும் இதத் தொட்டு சத்தியம் பண்ணணும்," என்றாள் சித்தி. "நான் சொல்லுததை அவுகட்ட யாரும் சொல்லப்படாது."

குழாயைத் தொட்டுச் சத்தியம் செய்வதை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அந்தச் சாலில் எல்லாச் சாதிக்கும் பொதுவான, எல்லோரும் பயப்படுகிற பொருள் அது ஒன்றுதான். பொய்ச் சத்தியம் செய்தால் தண்ணீர் வராது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒவ்வொருத்தியாக வந்து அந்த ஈரப் பித்தளையைத் தொட்டார்கள். டீக்கடைக்காரர் மனைவி கடைசியாகத் தொட்டாள்.

"என்ன விசயம்னு சொல்லு தாயி, பயமா இருக்கு."

"அவுகளுக்குத் தொண்டை போவுது. ஒரு மட்டம் பாடலாம்ங்காரு டாக்டரு. ரெண்டாம் மட்டம் பாடினா அம்புட்டுத்தான். கேட்டா பாடிருவாக. ஒங்க வீட்டு ஆம்பிளைகளைக் கேக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னு ஒங்க ஆம்பிளைகளுக்கு மட்டும் சொல்லுங்க."

அவள் அத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி அன்றுதான் கேட்டேன். குழாயில் காற்று இரைந்தது, தண்ணீர் வந்தது. ஒருத்தரும் குடத்தை நீட்டவில்லை. முதல் குடம் சித்திக்கு என்று டீக்கடைக்காரர் மனைவி சொன்னாள்.

அன்று சாயங்காலத்துக்குள் தாராவியில் எங்கள் பக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது, சித்தப்பா ஒருவரைத் தவிர. டீக்கடைக்காரர் கேலியை நிறுத்திக்கொண்டார். சித்தப்பா போனால் கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்ட டீ வந்தது. பால் பூத் ஆள்கூட வழியில் பார்த்து, "நல்லாப் பண்ணுங்கண்ணாச்சி," என்றாராம்.

"எல்லாரும் என்னமோ மரியாதையா இருக்கான்," என்றார் சித்தப்பா. "எனக்கு இது பிடிக்கல்ல."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது. தோல் கிடங்குப் பலகைகளை அடுக்கிய மேடை. பின்னால் துணியில் வரைந்த கோட்டை வாசல். இரவில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மட்டுமே அதைப் பார்த்தவர்கள் நாம். வெயிலில் எல்லாம் தெரிந்தது: துணியின் ஒட்டு, கிரீடத்தில் ஜிகினா உதிர்ந்த இடத்தில் பிஸ்கட்டின் பெயர், ராணியாக வேஷம் கட்டியவரின் முகத்தில் பவுடரைத் துளைத்து வந்த தாடி. இப்படிப் பார்த்துவிட்டால் நாடகம் என்னாகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. வேர்வையில் மை கரைந்து ராஜாவின் கன்னத்தில் வழிந்தது. அது அழுகையைவிட நன்றாக இருந்தது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் சித்தியின் மடியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். முன்வரிசை ஓரத்தில் அப்பா, அலுவலகத்துக்குப் போகிற அதே சட்டையில்.

கோட்டை வாசல் பாட்டு வந்தது.

எனக்கு எழுத வராத இடம் இது. அதற்குப் பிறகு மாட்டுங்கா சபைகளில் எத்தனையோ பெரிய கச்சேரிகள் கேட்டிருக்கிறேன். தலையை அசைத்து, விரலால் கணக்குப் போட்டுக் கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்கப் பழகிக்கொண்டேன். ஆனால் அந்தப் பகலில் கேட்டது போல ஒன்றை மறுபடி கேட்டதில்லை. எத்தனை நாள் பேசாமல் காத்துவைத்த குரல் அது. முதல் அடியிலேயே மைதானத்துக்கு அப்பால் தண்டவாளத்தின் ஓரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு லோக்கல் கடந்து போனது, அதன் சத்தத்துக்குள்ளும் பாட்டு அறுபடவில்லை. கடைசி அடியில் மேலே ஏறி நின்ற இடத்தில் வாத்தியார் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார், துணை வேண்டாம் என்பது போல. அந்தக் குரல் தனியாக, வெயிலில், தன்னால் நின்றது. பிறகு இறங்கியது.

சித்தப்பா திரும்பினார். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். நின்றார்.

யாரும் எழவில்லை.

நான் ஆண்கள் பக்கம் பார்த்தேன். டீக்கடைக்காரர் துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் தரையைப் பார்த்தார். பெஞ்சியில் கேலி பேசிய இளவட்டம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கைதட்டினால் வாயும் திறந்துவிடும் என்று பயந்து ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. அத்தனை பேரும் ஒரு மனிதரின் தொண்டைக்காகத் தங்கள் தொண்டையை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவ்வளவு பெரிய அன்பை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

அது அன்பு என்று மேடையில் நின்றவருக்குத் தெரியாதே.

அவர் அந்த மற்றக் காலை எடுக்கவில்லை. வாத்தியார் சுருதியை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்தது சித்தப்பாவின் முதுகு. வெயிலில் பளபளத்த சாட்டின் அங்கியும் அதில் வேர்வை படர்ந்த கறுப்பும். அந்த முதுகு முதலில் நிமிர்ந்திருந்தது. பிறகு தோள்கள் கொஞ்சம் இறங்கின. இன்னும் கொஞ்சம் இறங்கின. கிரீடம் முன்னால் சாய்ந்தது. நாட்டை இழந்த ராஜாவை அவர் பல வருடம் நடித்திருக்கிறார், அப்படி ஒரு தடவையும் நடித்ததில்லை. வெளியே வைத்த காலின் குதிகால் மெல்ல எழுந்தது.

என் தோளில் இருந்த சித்தியின் கை விலகியது.

அவள் எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், குடம் தூக்குவதற்கு முன் செய்வாளே, அதுபோல.

"ஒன்ஸு மோரு," என்றாள்.

உரக்கக்கூட இல்லை. ஆனால் அந்த அமைதியில் அது மைதானத்தின் கடைசிவரை போனது. எல்லாத் தலைகளும் பெண்கள் பக்கம் திரும்பின. அப்பா பாதி எழுந்து, கையை நீட்டி, அப்படியே நின்றுவிட்டார்.

சித்தப்பா திரும்பினார். யார் எழுந்திருக்கிறார்கள் என்று முதலில் ஆண்கள் பக்கம் தேடினார். அங்கே ஒருவரும் இல்லை. பிறகு பார்த்தார்.

முறைப்படி கும்பிட வேண்டும். எந்த ஊரில் எந்தப் புருஷன் நாலு பேர் முன்னால் தன் பெண்டாட்டியைக் கும்பிட்டிருக்கிறான்? அவர் இரண்டு கையையும் சேர்த்து, கிரீடம் நழுவும்படி குனிந்து கும்பிட்டார். பிறகு மேடையின் நடுவுக்கு வந்து, வாத்தியாரைப் பார்த்துத் தலையசைத்து, அவள் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்.

இரண்டாவது தடவை குரல் அப்படி இல்லை. இரண்டாம் அடியிலேயே கரகரப்பு வந்தது. நடுவில் ஒரு சொல் வரவேயில்லை. அந்த இடத்தை விட்டுத் தாண்டிப் பாடினார். மேலே ஏற வேண்டிய கடைசி அடியில் ஏறப் பார்த்தார், முடியவில்லை. கீழேயே வைத்துக்கொண்டு, தெரு முனையில் விடைபெறுகிறவர் பேசுகிற அளவில், பாடாமல் பாதி சொல்லாகச் சொல்லி முடித்தார். சித்தி கடைசிவரை நின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும் அவர் வாசலுக்கு வெளியே இரண்டு காலையும் எடுத்து வைத்துப் போனார். அப்போதுதான் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்பதற்குள் இன்னொரு லோக்கல் வந்து போய்விட்டது.

டாக்டர் சொன்னது சரிதான். குரல் திரும்பவில்லை. அடுத்த வருடம் கிரீடம் பால் பூத் ஆளுக்குப் போனது. சித்தப்பாவே அதற்குப் புது ஜிகினா ஒட்டிக் கொடுத்தார். அவர் சாகும்வரை பேசியது காற்று போன்ற ஒரு கிசுகிசுப்பில். அவரோடு பேசுகிறவர்களும் தங்களையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கிடங்கில் மேஸ்திரியானபோது அவர் உத்தரவை எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவுக்கு மட்டும் நெடுநாள் ஆறவில்லை. மேடை பிரிக்கும்போதே அவர் சித்தியிடம் கேட்டுவிட்டார். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"குழாயடியில சொல்லி ஊரையே வாயை மூட வச்சவ நீதானம்மா. பெறகு நீயே எதுக்கு?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், "அத்தான், அவுக முதுகைப் பாக்கலையா நீங்க?"

அப்பா பார்த்திருந்தார். எல்லோரும் பார்த்திருந்தோம். தம்பிக்கு எது போனால் தாங்காது என்று கணக்குப் போட்டதில்தான் அப்பா தவறியிருந்தார். எனக்கு அது புரிய அவர் வயது ஆக வேண்டியிருந்தது. அப்பா கிரீடத்தை வாங்கித் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று நடந்தோம். அப்பாவும் அம்மாவும் முன்னால். பின்னால் சித்தப்பா, முகத்தில் மை வழிந்தபடி, தோளில் சாட்டின் அங்கியைப் போட்டுக்கொண்டு. சித்தி இரண்டடி பின்தள்ளி, எப்போதும்போல. நடுவில் நான். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் எழுந்து நின்றார்கள். சால் முக்கில் சித்தப்பா நின்றார், சித்தி பக்கத்தில் வரும்வரை.

"ஏட்டி," என்றார் அவளிடம். குரல் கிழிந்து, ஓட்டையில் ஒழுகுவது போல வந்தது. "நீ எப்பம் இங்கிலீசு..."

மீதிச் சொல்லுக்கு உதடு மட்டும் அசைந்தது. மறுபடி முயன்றார். காற்று வந்தது. தொண்டையில் கையை வைத்துக்கொண்டு, ஆச்சரியப்பட்டவர் போல எங்களைப் பார்த்தார்.

சித்திக்கு அந்த மீதிச் சொல்லைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"இன்னைக்குத்தான் படிச்சேன்," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.